பூ போட்ட இடம்

காக்கிநாடா
29 செப்டம்பர் 2024

அண்ணிக்கு,

நோயல் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டீர்கள் என்றால், மிச்சத்தையும் படித்துவிடுங்கள்.

போன் செய்திருக்கலாம். ஆனால் அண்ணனுக்கான முப்பதாம் நாள் ஜெபத்தில் நான் வாயைத் திறந்ததும் நீங்கள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினீர்கள். "உன் கொரலு அவரு கொரலாவே கீது நோயல், என் எதிர்ல பேசாதே" என்றீர்கள். நாலு வருஷமாகப் பேசவில்லை. எழுத்துக்குக் குரல் கிடையாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் வேலை செய்யும் கப்பல் கடலில் இருக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் கொண்டுபோகிறது. அங்கே ஒரு பேச்சு அடிபடுகிறது. எர்ணாவூர் கரைக்கு நேரே ஒரு கம்பெனி கிணறு தோண்டப் போகிறதாம். சுற்றுச்சூழல் ஆய்வு பாதி முடிந்துவிட்டது. அந்த அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை ஒருவன் போனில் காட்டினான். "கடலடி சமமான சேறு. பாறை இல்லை. தனிப்பட்ட மீன்பிடி இடம் எதையும் மீனவர்கள் குறிப்பிடவில்லை" என்று போட்டிருக்கிறது.

பாறை இல்லையாம் அண்ணி. சூசைக் கல் இல்லையாம். நம் பூட்டன் சூசை கண்டுபிடித்து, நாலு தலைமுறையாக நம் வீட்டு ஆண்களுக்கு மட்டும் தெரிந்த பாறை. அண்ணன் கடைசியாக நங்கூரம் போட்ட இடமும் அதுதான். நான் தேடிப் போனபோது படகு அங்கே நின்றது, அதில் அண்ணன் இல்லை. நங்கூரம் கல்லிடுக்கில் சிக்கி வரவே மாட்டேன் என்றது. கயிற்றை அறுத்துவிட்டுத்தான் படகை இழுத்து வந்தேன். அந்த இடத்தில் கிணறு தோண்டினால் என்ன ஆகும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

யாராவது போய் ஆய்வுக்காரர்களிடம் சொல்ல வேண்டும். எனக்கு இங்கே ஜனவரி வரை லீவு கிடையாது.

நோயல்

*

எர்ணாவூர்
10 அக்டோபர் 2024

நோயலுக்கு,

எண்ணெய்க் கம்பெனி சோறு தின்றுகொண்டே எண்ணெய்க் கம்பெனியைத் தடுக்கச் சொல்லி எனக்குக் கடிதமா? நன்றாகத்தான் இருக்கிறது நைனா உன் நியாயம். அண்ணன் போன மறுமாதமே படகை விற்றுவிட்டு ரயில் ஏறினவன் நீ. நான் பேச வேண்டாம் என்றுதான் சொன்னேன், ஊரைவிட்டுப் போ என்று சொல்லவில்லை. சரி, அது கிடக்கட்டும்.

ஆய்வுக்காரர்கள் இங்கே வராமல் இல்லை. தஸ்னீம் என்று ஒரு பெண், நல்ல பெண், வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கியது. "எங்கெங்க மீன் புடிக்கிறீங்க, பாறை எங்க இருக்கு, சொன்னீங்கன்னா மேப்புல குறிச்சுடுவேன்" என்று கெஞ்சியது. நம் ஆண்பிள்ளைகள் என்ன சொன்னார்கள் தெரியுமா? வில்சன் சொன்னான்: "கடலு பூரா மீனுதாம்மா, தனியா எடம்னு இன்னா கீது?" அவனுக்கு அடுத்து நின்றவனும் அதையே சொன்னான். ஒருத்தன் வாயைத் திறந்தால் மற்றவன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான், அப்புறம் எவன் சொல்லுவான்? ஜிபிஎஸ்ஸில் ஏற்றினாலே மறுநாள் காசிமேடு முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள். கடலுக்குப் பட்டா கிடையாது. வெளியே சொல்லாமல் இருப்பதுதான் நமக்குப் பட்டா.

இன்னொன்றும் தெரிந்துகொள். கரையைப் பார்த்துக் கல்லைப் பிடிக்கும் அந்த அடையாளம் எனக்கும் தெரியும். எர்ணாவூர் தண்ணித்தொட்டி மணலி எண்ணெய் ஆலையில் எரியும் தீயை மறைக்கணும். அந்தக் கோட்டிலேயே கிழக்கே போனால், வடக்கே அனல்மின் நிலையத்தின் பழைய புகைக்கூண்டு புதுக்கூண்டை ஒட்டிக்கொண்டு நிற்கும். அங்கே நிறுத்து, கீழே கல். உன் அண்ணன் குளிக்கும்போதெல்லாம் பாட்டு மாதிரி முணுமுணுப்பார். நான் வெளியே துணி துவைத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

கல்லறைத் திருநாளுக்கு ஊரே கல்லறைக்குப் போய்க் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிறது. எனக்கு எந்தக் கல்லறை? அதனால் வருஷா வருஷம் வில்சன் படகில் போய்க் கடலில் பூ போடுகிறேன். அந்தத் திருட்டுப்பயல் கண்ணைச் சுருக்கிக் கரையையே பார்த்துக்கொண்டு வருவான், அடையாளம் பிடிக்க. நான் இன்னா பைத்தியமா? கல்லுக்கு ரொம்ப முன்னாலேயே, கரைப் பக்கமே நிறுத்தச் சொல்லிவிடுவேன். அங்கே உட்கார்ந்து அழுவேன், ஜெபமாலை சொல்வேன், பூ போடுவேன். வில்சன் அந்த இடத்தில் நாலு தடவை வலை போட்டு வெறும் சேற்றை அள்ளிக்கொண்டு வந்தான்.

பூவும் தப்பான இடத்தில்தான் விழுகிறது. எனக்கும் தெரியும். ஆனால் கல் பத்திரமாக இருக்கிறது அல்லவா?

ஹில்டா

*

காக்கிநாடா
21 அக்டோபர் 2024

அண்ணிக்கு,

உங்களுக்குத் தெரியும் என்று இந்த நாலு வருஷமும் எனக்குத் தெரியாது. முதலில் கோபம் வந்தது. அண்ணன் எப்படி வீட்டில் முணுமுணுக்கலாம் என்று. பிறகு கோபம் போய் வேறு ஏதோ வந்தது. உலகத்திலேயே அந்த இடம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு பாரம். இப்போது கொஞ்சம் இறங்கினாற்போல இருக்கிறது.

கப்பலில் எனக்கு ரேடியோ வேலையும் உண்டு. சில நேரம் நான் பேசியதே ஒரு நொடி கழித்து இரைச்சலோடு எனக்குத் திரும்பி வரும். ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போடுகிறது. அண்ணன் கூப்பிடுகிறார் என்று பதில் சொல்லிக்கூட இருக்கிறேன். கூட இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அதனால் நீங்கள் காதைப் பொத்தியதில் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை.

தஸ்னீமிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லிவிடுங்கள் அண்ணி.

நோயல்

*

எர்ணாவூர்
18 நவம்பர் 2024

நோயலுக்கு,

உன் அண்ணியைச் சாதாரணமாக நினைக்காதே. நான் ஜெயித்துவிட்டேன்.

நான் பூ போடுவதைப் பற்றி வில்சன் தஸ்னீமிடம் சொல்லியிருக்கிறான். கல்லறைத் திருநாளன்று அந்தப் பெண் படகில் என்னோடு வந்தது. வழக்கமான இடத்தில் நிறுத்தினேன். "இங்கதாம்மா என் வூட்டுக்காரர் போனாரு" என்றேன். அந்தப் பெண்ணும் அழுதது. தலையில் துணியைப் போட்டுக்கொண்டு அவர்கள் முறைப்படி ஏதோ ஓதியது. வீடியோ எடுத்து, இடத்தையும் மெஷினில் குறித்துக்கொண்டது.

நேற்று மார்க்கெட்டுக்கே தேடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. "அம்மா, கம்பெனிகிட்ட சண்டை போட்டேன். மக்கள் துக்கம் இருக்கிற இடம், பக்கத்துல தோண்டக் கூடாதுன்னு எழுதினேன். ஒத்துக்கிட்டாங்க. கிணத்தைக் கிழக்கே தள்ளி வச்சுட்டாங்க" என்றது. அந்தப் பெண்ணுக்கு ஒரு கிலோ சங்கரா மீனைச் சும்மாவே கொடுத்தேன்.

பார்த்தாயா? பொய்யான இடத்தைக் காட்டியே கிணற்றை நகர்த்திவிட்டேன். யார்கிட்ட!

ஹில்டா

*

காக்கிநாடா
24 நவம்பர் 2024

அண்ணி,

நீங்கள் பூ போடும் இடம் கல்லுக்கு முன்னால், கரைப் பக்கம். அதே கோட்டில். கிணற்றைக் கிழக்கே தள்ளினார்கள் என்றால் எங்கே தள்ளியிருப்பார்கள்?

தஸ்னீமிடம் கேட்டு அந்தப் புது இடத்தின் எண்களை வாங்கி எனக்கு மெசேஜ் அனுப்பச் சொன்னீர்கள் என்றால் போதும் என்று எழுத நினைத்தேன். பிறகு நானே கம்பெனி வரைபடத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டேன். முதலில் கிணறு கல்லுக்கு மேற்கே, கரைப் பக்கம் தள்ளித்தான் இருந்தது. இப்போது நேராக அதன் மேலே.

நீங்கள் நல்லதுக்குத்தான் செய்தீர்கள்.

நோயல்

*

எர்ணாவூர்
1 டிசம்பர் 2024

நோயலுக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் என் வாயாலேயே கிணற்றை அவர் தலைமேல் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

மறுநாள் மேல்வீட்டில் சுவரில் ஷெல்ஃப் மாட்ட டிரில் போட்டார்கள். என் வீட்டுச் சுவரெல்லாம் அதிர்ந்தது. உன் அண்ணன் போட்டோ ஆணியில் ஆடியது. எனக்கு என்ன வந்ததோ, மாடிப்படி ஏறி ஓடி, பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். "ஆளு கீதுடா கீழ, ஆளு கீது!" என்று கத்தினேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. மேல்வீட்டு ஜானட்தான் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தாள். அந்த ஷெல்ஃப் இன்னும் தரையில்தான் கிடக்கிறது, பாவம், எனக்குப் பயந்துகொண்டு மாட்டவில்லை.

ஒன்று எழுதுகிறேன், சிரிக்காதே. அவருக்கு நான் அங்கே வருவதில்லை என்று தெரியும் என்று தோன்றுகிறது. வருஷா வருஷம் இங்கே பக்கத்திலேயே வந்து, எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பிப் போகிறாளே என்று நினைத்திருப்பார். வீட்டில் அவர் பேர் சொல்லிப் பேசவே பயமாக இருக்கிறது.

தஸ்னீமிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் முகம் வெளுத்துப் போய்விட்டது. திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அம்மா, வீடியோ இருக்கு. இப்ப நான் மாத்தி எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க. பன்னண்டாம் தேதி கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்கு. அங்க எல்லாருக்கும் எதிர்ல நீங்களே சொன்னாத்தான் பதிவாகும்" என்றது.

எல்லாருக்கும் எதிரில் என்றால் வில்சன் எதிரில், மொத்தக் குப்பத்துக்கும் எதிரில். அதற்கப்புறம் அது சூசைக் கல் இல்லை, ஊர்ப் பொதுக் கல். உங்கள் அப்பா சாகும்வரை காப்பாற்றிய சொல்லை நான் மைக்கில் சொல்வதா? அதுவும் சொல்லி நிரூபிக்க வழி இருக்கிறதா? பழைய புகைக்கூண்டைத்தான் இடித்துத் தள்ளிவிட்டார்களே. இல்லாத கூண்டைக் காட்டி எந்த ஆபீசருக்கு இடம் சொல்வேன்?

நீ வா. பேசாமல் வா. ஆனால் வா.

ஹில்டா

*

காக்கிநாடா
6 டிசம்பர் 2024

அண்ணிக்கு,

லீவு கேட்டேன், ஜனவரி பொங்கலுக்கு முன்னால் கிடைக்காது என்றார்கள். கெஞ்சியும் பார்த்துவிட்டேன். கூட்டத்தில் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் அப்பா எங்கள் இரண்டு பேரையும் படகில் உட்காரவைத்துச் சத்தியம் வாங்கினார். "ஆம்பளைங்க எவனும் இத்த வெளில சொல்லக் கூடாது" என்றார். பெண்கள் சொல்லக் கூடாது என்று சொல்லவே இல்லை. பெண்களுக்குத் தெரிந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அதனால் நீங்கள் எந்தச் சத்தியத்தையும் மீறவில்லை அண்ணி.

புகைக்கூண்டு போனால் போகட்டும். இடத்தைக் கண்டுபிடிப்பது என் பாடு. நீங்கள் கல்லின் பேரை மட்டும் சொல்லிவிடுங்கள்.

நோயல்

*

எர்ணாவூர்
14 டிசம்பர் 2024

நோயலுக்கு,

சொல்லிவிட்டேன்.

திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். மேடையில் அதிகாரிகள், கீழே நாங்கள், சுற்றிலும் போலீஸ். என் முறை வந்ததும் மைக்கைப் பிடித்தேன். மீன் விற்கும்போது தெருக்கோடி வரை கேட்கிற குரல், அன்றைக்கு எனக்கே கேட்கவில்லை. "ஐயா, நான் காட்டின எடம் பொய்யி" என்றேன். கம்பெனி ஆள் உடனே எழுந்து, "அம்மா, நீங்களே அழுதுகிட்டே காட்டின வீடியோ எங்ககிட்ட இருக்கு" என்றான். கொஞ்சம் பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு ரோஷம் வந்தது. "அழுதது நெஜம், எடம்தான் பொய்யி. எங்க எடத்த இவங்கள்லாம் திருடிடுவாங்கன்னு பொய் சொன்னேன்" என்று வில்சனைக் கையால் காட்டினேன். அப்புறம் தொட்டி, தீ, பழைய கூண்டு, புதுக்கூண்டு எல்லாவற்றையும் அவர் முணுமுணுத்த மாதிரியே ஒப்பித்தேன். "அதுக்குப் பேரு சூசைக் கல்லு. என் வூட்டுக்காரர் வால்டர் அங்கதான் கீறாரு. அவரு மேலதான் நீங்க தோண்டப் போறீங்க" என்றேன். அதற்கு மேல் முடியவில்லை, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வில்சன் எழுந்தான். போச்சுடா, எல்லாருக்கும் எதிரில் திருடன் என்றோமே, மானத்தை வாங்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் மைக்கைக்கூட வாங்கவில்லை. "அந்தம்மா சொல்றது கரெக்டு சார். நானும்தான் பொய் சொன்னேன். எங்களுக்கும் ரெண்டு கல்லு கீது" என்று தன் கல்லுகளின் பேரைச் சொன்னான். ஒன்றுக்கு அவன் தாத்தா பேர். அப்புறம் நெட்டுக்குப்பத்துச் செங்கொடி எழுந்தாள், அவள் மாமனார் கடலோடு போன இடத்தைச் சொன்னாள். அதற்குப் பிறகு வரிசை கட்டி எழுந்தார்கள். எழுதிக்கொண்டிருந்த பையன், "மெதுவா சொல்லுங்க, மெதுவா சொல்லுங்க" என்று கெஞ்சினான். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு செத்தவர் பேர் இருந்தது நோயல். அவ்வளவு பேரும் அந்த மண்டபத்துக்குள் வந்து நின்ற மாதிரி எனக்கு இருந்தது.

மீனவர்களைக் கூட்டிப்போய் கடலடியை மறுபடியும் ஆய்வு செய்யச் சொல்லி மேடையில் இருந்த அதிகாரி அம்மா உத்தரவு போட்டார். ஜனவரியில் படகு கிளம்பும். நீ சொன்னபடி வந்து சேர்.

ஹில்டா

*

காக்கிநாடா
25 ஜனவரி 2025

அண்ணிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக் கொடுத்த வறுத்த மீனை ரயில் கூடூர் வருவதற்குள்ளேயே முடித்துவிட்டேன்.

படகில் அவ்வளவு நேரமும் நான் உங்களிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தஸ்னீம் என்னை ஊமை என்றே நினைத்துவிட்டாள். தொட்டி தீயை மறைத்ததும் கையைக் காட்டினேன், வில்சன் கிழக்கே விட்டான். வடக்கே பார்த்தால் கூண்டு இருந்த இடத்தில் வெறும் வானம். அதனால்தான் இன்ஜினை நிறுத்தச் சைகை காட்டி, துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, அதன் மேல்முனையில் காதை வைத்தேன். அப்பா அப்படித்தான் மீன் சத்தம் கேட்பார். கல் மேல் கத்தாழை மீன் கூட்டம் கிடந்தால் கத்தும், சேற்றில் ஒன்றும் கேட்காது. மூன்று தடவை ஒன்றுமில்லை. நாலாவது தடவை கேட்டது. கேமராவை இறக்கினார்கள், கல்லும் தெரிந்தது, நான் அறுத்துவிட்டுப் போன நங்கூரமும் தெரிந்தது. நீங்கள் திரையைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டீர்கள்.

அப்போதுதான் துடுப்பை உங்களிடம் நீட்டினேன். நீங்கள் காதை வைத்தீர்கள், சட்டென்று சிரித்தீர்கள், அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதீர்கள். என்ன கேட்டீர்கள் என்று கேட்க முடியவில்லை. பேசக் கூடாதே. இப்போது எழுதிக் கேட்கிறேன்.

நோயல்

*

எர்ணாவூர்
3 பிப்ரவரி 2025

நோயலுக்கு,

முதலில் சேதி. கிணறு அங்கே வராது. மற்ற கல்லுகளையும் குறித்துவிட்டதால் அவர்கள் திட்டத்தையே மறுபடியும் எழுத வேண்டுமாம். மொத்தமாகப் போய்விட்டது என்று தஸ்னீம் சொல்லவில்லை, நானும் நம்பவில்லை. அவர்கள் திரும்ப வருவார்கள். நாமும் இங்கேதானே இருக்கிறோம்.

கல்லும் இப்போது நம்முடையது இல்லை. போன வாரம் வில்சன் அங்கே தூண்டில் போட்டு ஒரு பெரிய வஞ்சிரத்தைப் பிடித்து, பாதியை வெட்டி என் கூடையில் வைத்துவிட்டுப் போனான். விற்கவும் மனசு வரவில்லை, தின்னவும் மனசு வரவில்லை. கொண்டுபோய்க் கடலிலேயே போட்டுவிட்டேன். பார்த்தவர்கள் கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றிருப்பார்கள். ஐம்பது வயசில் நான் கிழவியாம்.

என்ன கேட்டது என்கிறாய். குர்ர்ர் என்று கேட்டது. விட்டு விட்டுக் கேட்டது. கத்தாழை மீன்தான், எனக்குத் தெரியாதா, தினம் விற்கிறேன். ஆனால் இருபத்திரண்டு வருஷம் என் பக்கத்தில் படுத்து உன் அண்ணன் விட்ட குறட்டை அதே மாதிரிதான் இருக்கும். அட பாவி மனுஷா, நான் எங்கெங்கயோ ஒன்னியத் தேடிக்கினு கீறேன், நீ இங்கயா தூங்கிக்கினு கீற என்று வாய்விட்டுக் கேட்கப் பார்த்தேன். அதற்குத்தான் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் அழுகை.

பூவை அன்றைக்குத்தான் சரியான இடத்தில் போட்டேன். நீ பார்த்தாய்.

அன்றைக்கு நீ என் எதிரில் கையைக் கையைக் காட்டிக்கொண்டு நின்றாயே, அது எனக்குப் பொறுக்கவில்லை. என் புருஷன் குரலுக்குப் பயந்து, உயிரோடு இருக்கிற ஒருத்தனை நான் ஊமையாக்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பேன். போன் பண்ணு. எடுப்பேன். எடுத்ததும் நான் "யாரு?" என்று கேட்பேன். யோசிக்காதே, சும்மா இருந்துவிடாதே. நான் நோயல் பேசறேன் அண்ணி என்று உடனே சொல்லிவிடு.

ஹில்டா